மட்டம் போடும் மிட்டாய்

வயிற்றுவலி என்பது ஓர் அற்புதமான வியாதி. தலைவலியும் அப்படித்தான். கையால் தொட்டுப் பார்த்து, உண்டா இல்லையா என்று சொல்ல எவராலும் இயலாது. ஆகையினாலேயே பள்ளிக்கூடம் என்ற ஸ்தாபனம் தோன்றிய நாள் முதல் மாணாக்கர்கள் இவ்விரண்டையும் பெரிதும் ஆதரித்து வந்திருக்கிறார்கள். காய்ச்சல் சற்றுச் சிரமமானது. உபாத்தியாயர் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிடுவார். ஆனால் அதற்கும் பையன்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். வெங்காயத்தை உரித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தால் உடம்பு அனலாய்க் கொதிக்கும் என்பது நாம் படித்த காலத்தில் வகுப்பு முழுவதும் நம்பிய சாஸ்திரம். நாமும் ஒரு முறை பரீக்ஷித்துப் பார்த்தோம். உடம்பு கொதிக்கவில்லை, சட்டை நாறியதுதான் மிச்சம். அந்த வாசனையோடேயே போய்க் கணக்குப் பரீக்ஷை எழுதிவிட்டு வந்தோம்.

இப்பொழுது நாமே உபாத்தியாயர். வயிற்றுவலிகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது நம் உத்தியோகத்தின் ஒரு பகுதி. இந்த அனுபவத்தோடு 'ஹாரி பாட்டர்' கதைகளைப் படித்தபோது அவற்றில் வரும் மாயக் கோட்டையும், பறக்கும் துடைப்பங்களும், டிராகன்களும் நம்மை அவ்வளவாக மயக்கவில்லை. நம்மை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒரு மிட்டாய்ப் பெட்டி.

நேயர்கள் பலருடைய வீட்டுக் குழந்தைகள் இக்கதைகளைத் தலைகீழாக ஒப்பிப்பார்கள். பெரியவர்களுக்காகச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆங்கில ஆசிரியை ஜே. கே. ரௌலிங்கின் ஏழு நாவல்கள் 1997 முதல் 2007 வரையில் வெளிவந்தன. மந்திரவாதிகளின் குழந்தைகள் தங்கிப் படிக்கும் ஹாக்வார்ட்ஸ் என்னும் பாடசாலை ஸ்காட்லாந்தில் இருப்பதாகக் கற்பனை. பெற்றோரைக் கொன்ற வால்டமார்ட் என்னும் கொடிய மந்திரவாதியை ஹாரி என்ற சிறுவன் எதிர்த்து நிற்பதே கதை. ரௌலிங் அம்மையார் போர்ச்சுகல் தேசத்தில் போர்ட்டோ நகரில் ஆங்கிலம் கற்பித்தவர். பிறகு எடின்பரோவில் ஆசிரியப் பயிற்சியும் பெற்றவர். உபாத்தியாயரின் மேஜைக்கு இரண்டு பக்கங்களிலும் என்ன நடக்கிறது என்று அறிந்தவர் எழுதிய கதை என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

ஹாரியின் சிநேகிதன் ரானுடைய குடும்பத்துக்கு வீஸ்லி என்று பெயர். ஏழு குழந்தைகள். தகப்பனார் ஆர்தர், மந்திர உலகத்தின் சர்க்காரில் சொற்பச் சம்பளக்காரர். பிரெட், ஜார்ஜ் என்ற இரட்டையர் ரானுக்கு மூத்தவர்கள். பொதுப் பரீக்ஷையில் ஆளுக்கு மூன்றே தேர்ச்சி பெற்ற இப்பிள்ளைகளைத் தாயார் மாலி உதவாக்கரைகள் என்று தீர்மானித்து வைத்திருந்தாள். அவர்களோ படுக்கை அறையில் உட்கார்ந்து விளையாட்டுச் சாமான்கள் செய்துகொண்டிருந்தார்கள். விளையாட்டு என்றால் பொம்மையல்ல. பிறரைத் திண்டாட வைக்கும் சாமான். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த நான்காம் நாவலில் ஹாரியின் பெரியம்மா பிள்ளை டட்லி கீழே கிடந்த ஒரு டாபியை எடுத்துத் தின்கிறான். அவனுடைய நாக்கு நீண்டு நான்கடிக்கு வளர்ந்துவிடுகிறது. இன்னொரு பிஸ்கோத்தைத் தின்றவன் சிறிது நேரம் மஞ்சள் குருவியாகி இறகு உதிர்ந்து எழுகிறான்.

இவையெல்லாம் சில்லறைத் தமாஷ். பெரிய வியாபாரத்துக்கு முதல் வேண்டுமல்லவா? அது துக்கமான இடத்திலிருந்து வருகிறது. ஹாரி ஒரு மந்திரப் போட்டியில் ஆயிரம் பொற்காசு பரிசு பெறுகிறான். அதே போட்டியின் முடிவில் அவனுடன் போட்டியிட்ட ஸெட்ரிக் என்ற மாணவன் அவன் கண்ணெதிரே கொல்லப்படுகிறான். அந்தப் பணத்தைத் தொட ஹாரிக்கு மனம் கொள்ளவில்லை. இறந்தவனின் பெற்றோரும் வாங்க மறுக்கவே, இரட்டையரின் கையில் திணித்துவிடுகிறான். வரப்போகிற நாட்களில் ஜனங்களுக்குச் சிரிப்பு அதிகமாகத் தேவைப்படும் என்பது அவன் எண்ணம்.

2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்தாம் நாவலில் மிட்டாய்ப் பெட்டி வருகிறது. 'ஸ்கைவிங் ஸ்நாக்பாக்ஸ்' என்று அதற்குப் பெயர். பள்ளிக்கு 'மட்டம் போடுவது' என்று நம் பையன்கள் சொல்வதைத்தான் இங்கிலீஷ் பையன்கள் 'ஸ்கைவிங்' என்கிறார்கள். ஆகவே 'மட்டம் போடும் மிட்டாய்' என்று தமிழ்ப் பெயர் வைத்துவிடுவோம். வாந்தி எடுக்க வைக்கும் வில்லை ஒன்று. காய்ச்சல் தரும் பர்பி ஒன்று. மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக வைக்கும் நூகட் ஒன்று. மயங்கி விழச் செய்யும் கேக்கு ஒன்று. இவற்றின் சூட்சுமம் இரண்டு நிறத்தில் இருக்கிறது. வாந்தி வில்லையின் ஆரஞ்சு நிறப் பாதியை மென்றால் குடலைப் புரட்டிக்கொண்டு வரும். உபாத்தியாயர் பதறி, வைத்தியசாலைக்குப் போ என்று வெளியே அனுப்புவார். வாசற்படி தாண்டியதும் ஊதா நிறப் பாதியை விழுங்க வேண்டியது, உடம்பு நேராகிவிடும். மிச்சமுள்ள ஒரு மணி நேரம் பையனுக்குச் சொந்தம்.

வியாதியையும் மருந்தையும் ஒரே காகிதத்தில் சுற்றி விற்கும் இந்த யோசனையை நினைத்து நாம் நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தோம். அதில் ஓர் இடைஞ்சலையும் ஆசிரியை மறக்காமல் வைத்திருக்கிறார். முதலில் செய்த வில்லைகளைத் தின்றவர்களால் ஊதாப் பாதியை விழுங்க முடியவில்லை. வாந்தி நின்றாலல்லவா மருந்து உள்ளே இறங்கும்? மருந்து இறங்கினாலல்லவா வாந்தி நிற்கும்?

இதைக் கட்டுக்கதையென்று தள்ளிவிட வேண்டாம். இபிகாகுவானா என்று ஒரு வேர் உண்டு. பிரேஸில் காடுகளில் விளைவது. அதன் சாற்றைக் குடித்தால் வாந்தி வரும். குழந்தைகள் தவறி விஷத்தைக் குடித்துவிட்டால் கொடுப்பதற்காக அமெரிக்காவில் அந்தச் சாற்றைச் சீசாவில் அடைத்து வீடுகளில் வைத்திருந்தார்கள். அங்குள்ள குழந்தை வைத்தியர்களின் சங்கம், இனி வீட்டில் இதைக் கொடுப்பது வழக்கமாக இருக்கலாகாது என்று அறிவித்தது. அதனால் பலன் உண்டு என்று நிரூபணமாகவில்லை என்பதோடு, இடைவிடாத வாந்தியினால் விஷத்தை முறிக்கக் கொடுக்கும் கரித்தூள் வயிற்றில் தங்காமல் போகலாம் என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. அறிவித்த ஆண்டு 2003. மிட்டாய்ப் பெட்டி அச்சில் வந்த அதே ஆண்டு!

சாமானைப் பரிசோதிக்க வேண்டுமே. இரட்டையர் முதலில் தாங்களே தின்று பார்க்கிறார்கள். காய்ச்சல் பர்பி அவர்களுக்கு, நாலு பேர் எதிரில் காட்ட முடியாத இடத்தில் சீழ்க்கட்டிகளை உண்டாக்குகிறது. இந்த மட்டும் நமக்கு அவர்கள்மீது மரியாதை உண்டு. ஆனால் தங்களுக்கு நேர்வதுதான் மற்றவர்களுக்கும் நேருமா என்று அறிய ஆள் தேவைப்படுகிறது. சுலபமான வேலை, வலி அநேகமாக இல்லை, நேரும் அபாயத்துக்கு வேலை செய்பவரே பொறுப்பு என்று விளம்பரம் ஒட்டி, முதல் வகுப்புக் குழந்தைகளுக்குக் காசு கொடுத்து மயக்க கேக்கைத் தின்ன வைக்கிறார்கள். பொதுக்கூடத்தில் பதினோரு வயதுக் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிந்து விழும் காட்சியைப் பலர் தமாஷாகப் படித்திருப்பார்கள். உபாத்தியாயர் ஒருவரால் அப்படிப் படிக்க முடியவில்லை. கூலி தருகிறோமே என்கிறார்கள் இரட்டையர். ஏழைகளின் உடம்பில் மருந்துகளைச் சோதித்தவர்களும் இதைத்தான் சொன்னார்கள்.

தடுத்து நிறுத்துகிறவள் ஹெர்மயனி என்ற மாணவி, வகுப்புச் சட்டாம்பிள்ளை. தண்டனை கொடுப்பேன் என்கிறாள், சிரிக்கிறார்கள். உங்கள் அம்மாவுக்குக் கடிதம் எழுதுவேன் என்கிறாள். இரட்டையர் முகம் வெளுத்துப் போகிறது. தேசம் எதுவானால் என்ன!

அம்மாவுக்குத் தெரியாமல் வியாபாரம் நடந்தது எப்படி என்பதும் வேடிக்கைதான். விளம்பரத்தை அவர்கள் ஊர் அறியப் பத்திரிகையிலேயே போட்டிருந்தார்கள். ஆனால் வால்டமார்ட் திரும்பி வந்துவிட்டான் என்று ஹாரி சொன்ன உண்மையை அந்தப் பத்திரிகை புளுகென்று நாள்தோறும் எழுதி வந்தது. அந்தக் கோபத்தில் அம்மாள் பத்திரிகை படிப்பதையே நிறுத்திவிட்டாள்.

அந்தப் பொய்தான் கதையின் ஐந்தாம் பாகம் முழுவதும் நிறைந்திருக்கிறது. சத்துரு திரும்பிவிட்டான் என்பதை ஒப்புக்கொள்ளச் சர்க்காருக்குப் பயம். ஆகவே பாடசாலையை அடக்கி வைக்க டொலோரஸ் அம்பிரிட்ஜ் என்ற அம்மாளை உபாத்தியாயினியாக அனுப்புகிறது. ரோஜா வர்ண உடை. இனிய குழைந்த குரல். சுவரில் பூனைக்குட்டிப் படங்கள். தற்காப்பு மந்திரம் கற்பிக்க வந்த இவள், மாணாக்கர் கையில் மந்திரக்கோலை எடுக்கவே கூடாது, புஸ்தகத்தைத் திறந்து மௌனமாகப் படித்தால் போதும் என்கிறாள். வெளியே கொலைகாரன் திரிகிறான். உள்ளே தற்காப்புப் பாடத்தில் தற்காப்பு இல்லை. ஸெட்ரிக் கொலை செய்யப்பட்டான் என்று ஹாரி வகுப்பில் எழுந்து சொல்கிறான். நான் பொய் சொல்லலாகாது என்று எழுது என அவனுக்குத் தண்டனை. எழுதக் கொடுத்த பேனாவுக்கு மை கிடையாது. எழுதுகிறவனுடைய ரத்தமே மை. எழுதும் சொற்கள் புறங்கையில் கத்தியால் கீறியதுபோல் பதிகின்றன. மாலை மாலையாக எழுதி, தழும்பு நிலைத்துவிடுகிறது.

நாமும் தண்டனை எழுத்துக் கொடுத்தவர்தாம். 'இனிமேல் பேச மாட்டேன்' என்று நூறு முறை எழுதச் சொல்லி, எழுதி வந்த தாள்களை எண்ணிக்கூடப் பார்க்காமல் மேஜையடியில் போட்டிருக்கிறோம். இந்தப் பகுதியைப் படித்த பிறகு அந்த வழக்கத்தை விட்டுவிட்டோம்.

அம்மாளின் ஆட்சி வளர்கிறது. சட்டத்தின்மேல் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறாள். சங்கங்கள் கூடாது என்பது 24ஆம் சட்டம். உபாத்தியாயர்கள் தாங்கள் சம்பளம் வாங்கும் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத எதையும் மாணாக்கரிடம் பேசலாகாது என்பது 26ஆம் சட்டம். வகுப்பின் பின்வரிசையில் இரட்டையர் சீட்டாடுவதை அவள் கண்டிக்கப் போகிறாள். சீட்டாட்டம் உங்கள் பாடத்தில் இல்லையே, அதைப் பற்றி நீங்கள் எப்படிப் பேசலாம் என்று லீ ஜோர்டன் என்ற பையன் கேட்கிறான். நியாயமான கேள்வி. அடுத்த முறை அவனைப் பார்க்கும்போது அவனுடைய புறங்கையிலும் ரத்தம்.

அவளே தலைமை உபாத்தியாயினியாகவும் ஆனபின், இரட்டையர் ஒரு நடைபாதை முழுவதையும் சதுப்பு நிலமாக்கிவிட்டு, துடைப்பத்தில் ஏறிப் படிப்பையே துறந்து பறந்து போகிறார்கள். அந்தக் கிழவியை விரட்டப் பிரயோகிப்பதாகச் சத்தியம் செய்கிற மாணாக்கருக்குச் சாமான்கள் சகாய விலையில் கிடைக்கும் என்று வியாபாரமும் பேசிவிட்டுத்தான் போகிறார்கள். அவர்கள் விற்றுச் சென்ற மிட்டாய்கள் பெட்டி பெட்டியாக மாணாக்கர் கையில் இருக்கின்றன. அவள் வகுப்பறைக்குள் காலை வைத்ததும் ஒருவன் மயங்கி விழுகிறான். ஒருத்தி வாந்தி எடுக்கிறாள். சிலருக்குக் கடும் காய்ச்சல். சிலருக்கு இரண்டு மூக்குத் துவாரங்களிலும் ரத்தம். என்ன வியாதி என்று கேட்டால் அவளுடைய பெயரையே வியாதிக்கு வைத்து, 'அம்பிரிட்ஜைட்டிஸ்' என்கிறார்கள். அடுத்தடுத்து நான்கு வகுப்புகளுக்குத் தண்டனை விதித்தும் ரகசியம் வெளிப்படவில்லை. கடைசியில் கூட்டம் கூட்டமாக வெளியே போக விடுவதைத் தவிர அவளுக்கு வேறு கதியில்லை.

பொய் சொல்லலாகாது என்று கையில் கீறி எழுதினாள். பாடசாலை முழுவதும் அவளிடம் பொய் சொல்லிற்று. ஆனால் அது பொய்தானா? ஒழுகியது நிஜ ரத்தம். வெப்பமானி வைத்திருந்தால் காய்ச்சல் காட்டியிருக்கும். 'எனக்கு உடம்பு சரியில்லை' என்று சொன்ன ஒவ்வொரு குழந்தையும் அந்த நிமிஷத்தில் சொன்னது அட்சரம் பிசகாத மெய். எதனால் என்பதை மாத்திரம் மறைத்தார்கள். இந்த நுட்பத்தில் நம் மனம் வெகுவாக ஈடுபட்டது. அதோடு ஒரு சங்கடமும் கூடவே வந்தது. 1920-21இல் நம் தேசத்தில் மகாத்மாவின் ஒத்துழையாமை இயக்கத்தில் மாணாக்கர்கள் சர்க்கார் பள்ளிகளை விட்டு வெளியேறினார்கள். காரணத்தை அவர்கள் மறைக்கவில்லை. அதைச் சொல்வதற்கென்றே வெளியேறினார்கள். ஹாக்வார்ட்ஸில் காரணத்தை வாய்விட்டுச் சொன்ன இரண்டு பேருடைய கையிலும் ரத்தம். மற்றக் குழந்தைகள் மிட்டாயை மென்றதற்காக நாம் எப்படிக் குற்றம் சொல்வது? மெச்சவும் மனம் முழுதாக ஒப்பவில்லை.

ஒப்பாததற்குக் காரணம் நம் சொந்த அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் நம்முடைய வகுப்பில் ஒரு பையன் இருந்தான். திங்கட்கிழமை தோறும் அவனுக்கு வயிற்றுவலி வரும். நான்கு திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பினோம். நான்கு முறையும் அவன் குளத்தங்கரையில் விளையாடிக்கொண்டிருந்ததாகச் செய்தி வந்தது. ஐந்தாவது முறை அவன் எழுந்து நின்றபோது வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உட்கார் என்றோம். உட்கார்ந்தான். பெஞ்சின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு மணி அடிக்கும் வரையில் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிரவு குடல்வால் அழற்சி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சஸ்திர சிகிச்சை செய்தார்கள். பிழைத்துக்கொண்டான். பார்க்கப் போன நம்மிடம் அவனுடைய தாயார் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. "நீங்க என்ன சார் செய்வீங்க, அவன் எப்பவும் அப்படித்தானே சொல்லுவான்" என்றாள். அதைக் கேட்பதைவிட நாலு வார்த்தை திட்டியிருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆகவே அந்த நான்கு வகுப்புகளைப் பற்றிப் படிக்கும்போது நமக்கு ஒரு கேள்வி எழுந்தது. இருபது பேர் மிட்டாய் தின்று வாந்தி எடுக்கும் அறையில் மிட்டாய் தின்னாமலே வாந்தி எடுத்த குழந்தை ஒன்றும் இருந்திருக்காதா? ஊதாப் பாதி கையில் இல்லாத அந்தக் குழந்தையைப் பற்றி ஆசிரியை ஒன்றும் எழுதவில்லை.

இந்தக் கலகத்தில் மற்ற உபாத்தியாயர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்குக் கதையிலேயே ருசியான பகுதி அதுதான். இரட்டையரின் வாண வேடிக்கை வகுப்பறைக்குள் புகுந்தபோது பிளிட்விக் என்ற குள்ளமான உபாத்தியாயர் அம்மாளை அழைத்து அணைக்கச் சொல்கிறார். தாமே அணைத்திருக்கலாம்தான்; ஆனால் தமக்கு அதிகாரம் உண்டோ இல்லையோ என்று சந்தேகமாம்! கண்டிப்புக்குப் பேர்போன மக்கானகல் அம்மையார், குறும்புக்கார ஆவி ஒன்று சர விளக்கைக் கழற்றி விழச் செய்யப் பாடுபடுவதைக் காண்கிறார். எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று உதட்டை அசைக்காமல் சொல்லிவிட்டுப் போகிறார். சதுப்பு நிலத்தை எந்த உபாத்தியாயரும் தொடவில்லை. பள்ளியின் காவற்காரன் ஓடம் தள்ளி மாணாக்கர்களை அக்கரை சேர்க்கிறான். அம்மாள் ஒழிந்த பிறகு பிளிட்விக் மூன்றே விநாடியில் அதை வற்றச் செய்கிறார். ஆயினும் ஜன்னலடியில் ஒரு சிறு துண்டை மட்டும் விட்டு, கயிறு கட்டிப் பாதுகாக்கிறார். நல்ல வேலைப்பாடு என்பது அவர் கொடுத்த மதிப்பெண். இரட்டையர் வாங்கிய அந்த மூன்று தேர்ச்சிகளைவிட இது உயர்ந்தது.

பள்ளியை விட்டவர்கள் லண்டனில் மந்திரவாதிகளின் கடைத்தெருவில், 93ஆம் இலக்கத்தில், கடை திறந்து செழிக்கிறார்கள். விளையாட்டுக்காகச் செய்த தொப்பி ஒன்று சிறு மந்திர அடிகளைத் தடுக்கும். தற்காப்பு தெரியாத தன் சிப்பந்திகளுக்காக அதே சர்க்கார் 500 தொப்பி வாங்குகிறது. தற்காப்பைக் கற்பிக்காதே என்று ஆள் அனுப்பிய சர்க்கார்! ஆனால் கடை என்றால் யாரும் வாங்கலாம். பெரு தேசத்துச் சரக்கு ஒன்று, தூவினால் இருட்டைக் கொணரும் பொடி, அதே கடையிலிருந்து சத்துருவின் பக்கத்துப் பையன் மால்பாய் கைக்குப் போகிறது. அவன் அதைத் தூவி இரட்டையரின் தம்பி தங்கையரை இருளில் தடுமாற விட்டுவிட்டுப் போகிறான். அன்றிரவுதான் ஹாக்வார்ட்ஸின் முதிய தலைவர் டம்பிள்டோர் கொல்லப்படுகிறார். இரட்டையரில் பிரெட், கடைசி யுத்தத்தில் சிரித்துக்கொண்டிருக்கும்போதே சாகிறான். ஜார்ஜும் ரானும் பிறகு கடையை நடத்தியதாக ரௌலிங் அம்மையார் பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஊதாப் பாதியைப் பாதி சிரிப்போடு செய்தவனை அவன் இல்லாமல் எப்படிச் செய்தார்கள் என்று கேட்க நமக்கு மனம் வரவில்லை.

போன திங்கட்கிழமை முதல் மணியிலேயே ஒரு பையன் எழுந்து நின்றான். காய்ச்சல் என்றான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தோம்; குளிர்ந்துதான் இருந்தது. வகுப்பில் ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான்; நாம் சிரிக்கவில்லை. துணைக்கு ஒருவனைக் கூட்டி, வீட்டில் கொண்டுபோய் விடச் சொல்லி அனுப்பினோம். எங்கள் மேஜையைக் கடந்து போகும்போது வெங்காய வாசனை வந்தது. மாலையில் அவன் வீட்டுக்குப் போய், உடம்பு எப்படியிருக்கிறது என்று விசாரித்துவிட்டு வந்தோம்.